மர்ஹூம் பெயரில் ஐந்து பேட்டரி

ஆனப்படி முக்கில் சைதலவியின் கடைக்குப் போய் ஒரு பேட்டரி கேட்டால் உடனே கிடைக்காது. எந்த மெஷினுக்கு, பழசு எங்கே, அது எத்தனை நாள் உழைத்தது, ஓரிடத்தில் இருக்கிற மெஷினா தூக்கிக்கொண்டு அலைகிற மெஷினா என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி விசாரிப்பார். பிறகு உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து கையில் தூக்கி எடை பார்ப்பார். பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்து, எந்த மாதம் செய்தது என்று விரல் மடக்கி எண்ணுவார். சார்ஜே ஏறாமல் ஆறு மாதம் பெட்டிக்குள் தூங்கின பேட்டரியை அவர் தொடமாட்டார். கடைசியில் பழைய கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி, பத்து நிமிடம் எரியவிட்டு மீட்டரைப் பார்ப்பார். "சும்மா ஒக்காந்திருக்கும்போது எல்லாப் பயலும் பன்னெண்டு வோல்ட்டுதான். சுமை ஏத்தினாத்தான் லட்சணம் தெரியும்" என்பார். அவசரக்காரர்கள் மஞ்சேரிக்கே போய்விடுவார்கள்.

ஊரார் சேர்ந்து நடத்தும் பாலியேட்டிவ் கிளினிக்கின் மெஷின்களெல்லாம் அவரிடம்தான் வரும். படுத்த படுக்கையாகிப்போனவர்களின் வீடுகளுக்குக் கொடுத்து வைக்கிற மெஷின்கள் அவை. மூச்சுக்குக் காற்று கொடுப்பது ஒன்று, மருந்தை ஆவியாக்குவது ஒன்று, தொண்டையில் கட்டும் சளியை உறிஞ்சி எடுப்பது ஒன்று. பதினான்கு வருடமாக ஒரு பைசா வாங்காமல் பழுது பார்த்துக் கொடுக்கிறார். கேட்டால், "தொழுகைக்குக் கூலி கேப்பாங்களாடா?" என்பார். அப்படிச் சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஊரில் யாரும் அவரை அதற்காகக் குறை சொன்னதில்லை.

மே மாதக் கடைசியில் சளி எடுக்கும் மெஷின்கள் ஐந்திலும் பேட்டரி ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. மூன்று வருடம் உழைத்தவை, பாவம். புதுசு வாங்க அவர் மஞ்சேரிக்குப் புறப்பட இருந்ததற்கு முந்தின நாள் மஜீதின் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. மஜீத் கத்தாரில் இருந்து திரும்பி வந்து டைல்ஸ் கடை வைத்திருப்பவன். ஒரு அட்டைப்பெட்டியை வயிற்றில் அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"காக்கா, பேட்டரிக்கு ஆர்டர் ஒண்ணும் போட்டுறலியே?"

"நாளைக்குத்தான் போவணும்."

"போவ வேண்டாம். இந்தா பாருங்க, அஞ்சு. எண்ணி வச்ச மாதிரி அஞ்சு."

பெட்டியைத் திறந்தான். ஒவ்வொன்றின் மேலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'மர்ஹூம் கோட்டப்பறம்பில் ஆலிஹாஜி நினைவாக' என்று அச்சடித்த எழுத்து. மெஷினின் வெளிப்பக்கம் ஒட்டுவதற்குப் பெரிய ஸ்டிக்கர்கள் தனியாக ஐந்து.

"உப்பா மௌத்தாகி வர்ற வெள்ளியோட ஒரு வருஷம். கடைசி ரெண்டு மாசம் இந்த மெஷினு எங்க வீட்லதானே இருந்துச்சு. அந்தச் சத்தம் இப்பவும் காதுல இருக்கு காக்கா. இதுல ஒரு நோயாளி நிம்மதியா மூச்சு விட்டா அந்தக் கூலி உப்பாவோட கபுருக்குப் போவும்தானே?"

"போவும். ஏன் போவாம?" சைதலவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்க புடிச்சே இத?"

"கோழிக்கோட்டுல நம்ம கூட்டாளியோட கம்ப்யூட்டர் கடை. மூடப்போறான். ஒண்ணுலயும் சீல் ஒடைக்கல. நீங்க போடுறதுல ஏழு ஆம்பியர்னுதானே இருக்கும்? இதுல ஒம்பது! பெரிசாவே போடுவோம்னுதான்."

சைதலவி ஒன்றைக் கையில் எடுத்தார். ஒன்பது என்று போட்டிருந்தது, தூக்கினால் ஏழின் கனம்கூட இல்லை. பக்கவாட்டு எண்ணைப் பார்த்தார். செய்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது.

"என்ன காக்கா, நல்லதுதானே?"

"சாயா குடிக்கிறியா?" என்றார் சைதலவி.

மஜீத் போன பிறகு பல்பை மாட்டிப் பார்த்தார். சும்மா இருக்கையில் ஐந்தும் சமர்த்தாகப் பன்னிரண்டரை காட்டின. பல்பு எரிந்ததும் முதலாவது நான்கு நிமிடத்தில் பத்துக்குக் கீழே விழுந்தது. மற்றதுகளும் அந்த வம்சம்தான். இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினார், வடிய விட்டார், திரும்ப ஏற்றினார். படாதபாடு பட்டதில் நல்லது என்று சொல்லக்கூடியது ஒன்பது நிமிடம் தாங்கியது. கரண்டு போனால் மெஷின் நாற்பது நிமிடம் ஓட வேண்டும்.

ஆனால் ஒரு மகன் தகப்பன் பெயரை ஒட்டிக் கொண்டுவந்ததைப் பார்த்து, இது குப்பை, எடுத்துக்கொண்டு போ என்று எப்படிச் சொல்வது? ஆனப்படியில் ஸதக்காவாக வந்த தர்மத்தைத் திருப்பி அனுப்பினவன் என்று ஒருவன் இதுவரை பிறக்கவில்லை. பழம் அழுகியிருந்தாலும் பிஸ்மி சொல்லி வாங்கிக்கொண்டு, கொடுத்தவன் தலை மறைந்ததும் மாட்டுக்குப் போடுவார்கள். இதையும் மூலையில் போட்டுவிட்டு நல்லதாக ஐந்து வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் மாட்டுகிறபோது படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான் மஜீத், குடும்பத்து வாட்ஸப்பில் போட. உம்மா பார்த்தால் அழுவார்கள் என்று சொல்லியிருந்தான். சைதலவி மாட்டினார், படமும் எடுத்தார். கரண்டு போனாலும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், எல்லா வீட்டிலும் பிளக்கில்தானே கிடக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மெஷின்களை எடுத்துப்போக வந்த நர்ஸ் ஷைலஜா கேட்டாள், "டெஸ்ட் பண்ணிட்டீங்களா காக்கா?"

"பண்ணியாச்சு."

அது பொய்யில்லை. டெஸ்ட் பண்ணினது நிஜம்தான். என்ன வந்தது என்று அவள் கேட்கவில்லை, பதினான்கு வருடமாகக் கேட்டதில்லை.

ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை. செம்பாறை மண் ஊறிச் சிவந்து ரோட்டில் ஓடுகிற மழை. ஒரு வியாழக்கிழமை மதியம் சைதலவி கஞ்சியும் பலாக்காய் அவித்த சக்கைப் புழுக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிவாசல் வளைவில் பலாமரம் கரண்டுக் கம்பிமேல் சாய்ந்துவிட்டது என்று யாரோ ரோட்டில் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு போனார்கள். மின்விசிறி நின்றது. கஞ்சி பாதி இறங்குவதற்குள் ஃபோன்.

"காக்கா, ருகியா. மேக்கோட்டு உண்ணிமோயியோட மருமவ." பெண்ணின் குரல் கிழிந்துபோயிருந்தது. "மெஷினு நின்னுபோச்சு காக்கா. உம்மாக்குச் சளி அடச்சிருக்கு. ஓட மாட்டேங்குது!"

"கரண்டு எப்ப போச்சு?"

"இப்பத்தான். அஞ்சு நிமிசம்கூட ஆவல."

சைதலவி கை கழுவவில்லை. கடைக்கு ஓடி, தன் எமர்ஜென்சி விளக்கில் கிடந்த நல்ல பேட்டரியைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்தார். இரண்டு கிலோமீட்டர். தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர், இறங்கித் தள்ளினார். தள்ளுகையில் வாய் ஓதிக்கொண்டிருந்தது, மனசு ஒன்பது நிமிடம், நான்கு நிமிடம் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது ருகியா கட்டிலின் மேல் மண்டியிட்டிருந்தாள். பிய்யாத்தும்மாவுக்குத் தொண்டையில் புற்று வந்து அறுவை பண்ணி, கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு, அதன் மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள் அவள். உறிஞ்சுவாள், தட்டில் துப்புவாள், கண்ணில் தண்ணீர் வழிய ஓங்கரிப்பாள், திரும்ப உறிஞ்சுவாள். கிழவியின் உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது. செம்பாறைக் கல் வெட்டிக் காய்த்துப்போன கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் உண்ணிமோயி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான்கு திருகாணி. சைதலவி கழற்றியதில் ஒன்று எங்கோ உருண்டு போனது. பேட்டரி மாறியதும் மெஷின் உறுமியது. ருகியா டியூபை மாட்டினாள், சளி கொளகொளவென்று ஜாடியில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பிய்யாத்தும்மாவின் மார்பு ஏறி இறங்கியது. கண் மட்டும் இன்னும் உத்தரத்தையே வெறித்துக்கொண்டிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று உண்ணிமோயி தரையிலேயே உட்கார்ந்தார். அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. "நீ காலையில பிளக்கப் புடுங்கினியா இல்லியா?"

ருகியா வாயைத் துடைத்தாள். "புடுங்கினேன் உப்பா. மிக்ஸி போட. தேங்கா அரைக்க."

"எவ்வளவு நேரம்?"

"திரும்ப மாட்ட மறந்துட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் மாட்டிட்டேன்."

"ஒரு மணி நேரம்! அதுல உள்ள சார்ஜு பூரா எறங்கிப்போச்சு. ஒரு கறிக்கு என் பொண்டாட்டிய கொன்னுருப்ப நீ."

"நாந்தான் காக்கா" என்றாள் ருகியா சைதலவியைப் பார்த்து. "என் தப்புத்தான். மெஷினத் திரும்ப எடுத்துட்டுப் போயிராதீங்க. கிளினிக்ல சொல்லிராதீங்க."

நல்ல பேட்டரி பிளக் இல்லாமல் மூன்று மாதம் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனப்படியில் அது தெரிந்த ஒரே ஆள் சைதலவி. அவர் வாயைத் திறந்தார். அதிலிருந்து வந்தது இதுதான்:

"எப்பவும் பிளக்குலயே இருக்கணும் மோளே. இனிமே எடுக்காத."

சொன்னதைத் திருப்பி எடுக்க ஒரு நொடி இருந்தது, அந்த நொடியில் உண்ணிமோயி கட்டன் சாயாவை அவர் கையில் திணித்தார். "அல்லா உங்களுக்கு ஆயுசத் தரட்டும் காக்கா. மழையில ஓடி வந்தீங்களே." மெஷினில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார். "ஒவ்வொரு தொழுகைக்கப்புறமும் இவருக்கும் துஆ கேக்குறேன். எந்தப் புண்ணியவானோ."

சைதலவி சாயாவைக் குடித்தார். குடிக்க முடிந்ததே என்றுதான் பிறகு அவர் பல நாள் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கே மஞ்சேரிக்குப் போய் நல்லதாக ஐந்து வாங்கினார். எடை பார்த்து, மாதம் பார்த்து, கடைக்காரனின் கண்ணெதிரே பல்பை எரித்துப் பார்த்து வாங்கினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மழையில் வீடு வீடாகப் போய், "சும்மா ஒரு சர்வீஸு" என்று சொல்லி மாற்றினார். ஒரு வீட்டில் அரிசிப் பத்திரி சுட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் நோயாளி முந்தின நாள்தான் மௌத்தாகியிருந்தார். மெஷினைத் துடைத்து, புதுத் துண்டில் கட்டி, கிளினிக்குக்குத் திருப்பித் தரத் தயாராக வைத்திருந்தார்கள். "எப்படி...?" என்று இழுத்தார் சைதலவி. தூக்கத்திலேயே, நிம்மதியாக, மெஷின் தேவையே படவில்லை என்று மூத்த மகன் சொன்னான். சைதலவி அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஒட்டும் உறவும் இல்லாத மனிதர் இப்படி அழுகிறாரே என்று அந்த வீட்டுக்காரர்கள்தான் அவரைத் தேற்றினார்கள்.

ஐந்து மெஷினும் சரியாகிவிட்டது. இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது என்பதையும் அதோடு சேர்த்துத்தான் அவர் மனசு சொன்னது. கடையில் பேட்டரி கேட்டு வந்தவர்களிடம் அவர் முன்போல ஒன்றும் விசாரிக்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து ஷைலஜா கடை வாசலில் கிளினிக் வண்டியை நிறுத்தினாள். "காக்கா, மேக்கோட்டு வீட்டுக்குப் போறேன். அந்த மெஷின ஒரு தடவ பாக்க வாங்க. அது உறிஞ்சுற இழுப்பு ஜாஸ்தியோன்னு சந்தேகம். அந்தம்மாக்கு ரத்தம் வருது."

இழுப்பு ஜாஸ்தியாக வழியே இல்லை என்று சைதலவிக்குத் தெரியும். போனார்.

ஜாடியில் சளி சிவப்பாகக் கிடந்தது. ஷைலஜா டியூபைத் தூக்கிப் பார்த்தாள். "யாரு சளி எடுக்குறது இப்ப?"

"நாந்தான்" என்றார் உண்ணிமோயி.

"நீங்களா? ருகியாக்குத்தானே சொல்லிக் கொடுத்தேன். என் கையவிட அவ கை நல்ல கையாச்சே."

கட்டிலில் பிய்யாத்தும்மா கழுத்துக் குழாயைத் தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார். ருகியா வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அவள அண்ட விடமாட்டேங்குறா" என்றார் உண்ணிமோயி கடைசியில். "கிட்ட வந்தா கழுத்தப் பொத்திக்குறா. பயந்துட்டா. அன்னிக்கு நான் கத்தினதெல்லாம் அவ காதுல விழுந்துச்சுல்ல. எனக்கு இந்தக் கையி... பாறை வெட்டுற கையி சிஸ்டர் இது. எவ்வளவு மெதுவா விட்டாலும் ரத்தம் வருது."

சைதலவி கொல்லைப்பக்கம் போனார். ருகியா அதற்குள் அங்கே வந்து அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். மேலே அலமாரியில் மிக்ஸி பழைய சேலையில் சுற்றிக் கட்டிக் கிடந்தது.

"மிக்ஸிக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல. எனக்கு அதத் தொடப் பயமா இருக்கு காக்கா." தலை நிமிராமல் அரைத்தாள். "அவுங்க சவூதி தம்மாமுல இருந்து ஃபோன் பண்ணி, எங்கும்மாவக் கொன்னுட்டு நீ யாரோட இருப்பன்னு கேட்டாங்க. நாத்தனாரு வந்து நாலு நாளு இருந்துட்டு, என்னைய எங்க வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுருங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. பெருநாள் கழிச்சு விடுறதாப் பேச்சு."

"மோளே."

"சொல்லுங்க."

"பேட்டரி செத்த பேட்டரி."

அம்மிக் குழவி நின்றது.

"நீ பிளக்கப் புடுங்குனதுக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது. ஒரு மாசம் புடுங்கிப் போட்டிருந்தாலும் நல்லதுன்னா ஓடியிருக்கும். நான் மாட்டினது நல்லதில்ல. மாட்டும்போதே எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"சோதிச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டினேன். நாலு நிமிசம்தான் தாங்கும்னு தெரியும். கொடுத்தவன் மனசு நோகுமேன்னு... இல்ல. எம் பேரு கெட்டுருமேன்னும்தான்."

"அன்னிக்கு நான் உம்மாவோட சளியத் துப்பிட்டு உங்க முன்னால நின்னேனே காக்கா. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"பிளக்க எடுக்காதன்னு சொன்னீங்களே."

ஓடு வழியே ஒழுகின தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. வைவாள், அழுவாள், போகட்டும் என்று விட்டுவிடுவாள், இந்த மூன்றில் ஒன்றுக்கு அவர் தயாராக இருந்தார். ருகியா கையைக் கழுவினாள். முக்காட்டுத் தட்டத்தை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டாள். ஃபோனை எடுத்து நம்பரை அழுத்தி, சத்தமாகக் கேட்கிற பொத்தானையும் அழுத்தி அவர் முன்னால் நீட்டினாள்.

"என்ன இப்ப?" என்றது அவள் புருஷன் ஜாபிரின் குரல். "வேலையில இருக்கேன்னு தெரியாது?"

"சைதலவி காக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள் ருகியா.

சொன்னார். முதல் வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் ஃபோனைப் பின்னால் இழுக்கவில்லை. முழுக்கச் சொல்லி முடிக்கிறவரை பிடித்திருந்தாள். "ருகியா..." என்று ஜாபிர் ஆரம்பித்தபோது அவள் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு அடுத்த நம்பரை எடுத்தாள். நாத்தனார். அங்கேயும் சொன்னார். இரண்டாம் முறை சுலபமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாத்தனார், "நீங்கெல்லாம் ஒரு மனுசனா? அஞ்சு நேரம் தொழுவுற ஆளுதானே?" என்று கேட்டதற்கு, "ஆமா" என்றார்.

"இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க" என்றாள் ருகியா.

உண்ணிமோயி திண்ணென்று நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் மெஷினண்டை போய்ப் பச்சை ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். சைதலவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர விட்டுருங்க. செத்தவரு என்ன செஞ்சாரு? கொடுத்தவனுக்கும் ஒண்ணும் தெரியாது. அவன்கிட்ட நான் போய்ச் சொல்லுறேன். எம் பேர எழுதி ஒட்டுங்க வேணும்னா." ஷைலஜா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே காக்கா" என்றாள். அவள் அதை உரக்கக்கூடச் சொல்லவில்லை.

பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, கழுத்தைப் பொத்திக் கிடந்த கிழவியிடம் நான்காம் முறையாகச் சொன்னார். "பிய்யாத்தும்மா, அன்னிக்கு உங்களக் கொல்லப் பாத்தது நான். இந்தப் புள்ள இல்ல. இந்தப் புள்ள வாய வச்சு உறிஞ்சி எடுக்கலேன்னா நான் வந்து சேருறதுக்குள்ள நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

பிய்யாத்தும்மாவுக்குப் பேச்சு இல்லை. சைதலவியை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை அவரை விட்டுவிட்டு வாசலுக்குப் போனது. குழாய்க்குள் சளி கொரகொரத்துக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து கையை எடுத்து, மெத்தையின் ஓரத்தில் இரண்டு தரம் தட்டினார்.

ருகியா உள்ளே வந்தாள். சைதலவியைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மெஷின் உறுமத் தொடங்கியது. பிய்யாத்தும்மா தானாகவே முகவாயை உயர்த்தி, கழுத்தை அவளுக்குக் காட்டினார்.